பரணில் கிடைத்த சின்னக் கார்கள்: பெயிண்ட் அடிக்கலாமா, அப்படியே விடலாமா?

பரண்வாசி (திருச்சி)

வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். பரணை ஒழித்ததில் என்னுடைய பழைய கார்கள் பிஸ்கட் டின்னோடு அப்படியே கிடைத்தன. நான் பிறந்தது 1976, ஆகவே எல்லாம் 80-கள் சங்கதி. பிளாஸ்டிக் இல்லை, கையில் எடுத்தால் கனம் தெரியுமே, அந்த ரகம். பாதிக்கு மேல் பெயிண்ட் போய்விட்டது, சிலவற்றுக்குச் சக்கரமே இல்லை.

தேறுகிற நிலையில் இருப்பவை இவை. சிவப்பு டபுள் டெக்கர் பஸ் ஒன்று, பக்கவாட்டில் பெர்ஜர் பெயிண்ட்ஸ் ஸ்டிக்கர் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, அடியில் மேட்ச்பாக்ஸ், லெஸ்னி, இங்கிலாந்து, 1972 என்று எழுத்து. பினாங்கிலிருந்து பெரிய மாமா கொண்டுவந்தது. அப்புறம் மஞ்சள் ஹாட் வீல்ஸ் ஒன்று, அடியில் இந்தியா. ஒரு வேன், மற்றவற்றைவிட ஒரு சுற்று பெரியது, அழுக்கைத் துடைத்துப் பார்த்தால் நிக்கி டாய்ஸ் என்று படிக்க முடிகிறது; இது சித்தப்பா விளையாடி எனக்கு வந்தது. கடைசியாக ஊரும் பேரும் இல்லாத ஒரு ஜீப்.

எனக்குத் தெரிய வேண்டியது: பஸ் நிஜமாகவே 1972-இல் செய்ததா? எனக்கு விவரம் தெரிந்துதான் மாமா கொடுத்தார். இரண்டாவது, இவற்றை உரித்துப் புதுசாகப் பெயிண்ட் அடித்தால் என்ன? வீடியோக்களைப் பார்த்துக் கை துறுதுறு என்கிறது.

ட்ரெஷர்வேட்டை (சென்னை)

அண்ணா, அடியில் 1972 என்று இருந்தால் 1972-தான். செம்ம பொருள். பெயிண்ட் எல்லாம் அடித்துவிடாதீர்கள், பெட்டி இருந்தால் இன்னும் நல்ல விலை போகும். பெட்டி இருக்கிறதா?

மூர்மார்க்கெட் (சென்னை)

பெட்டியா? எந்தப் பிள்ளை பெட்டியை வைத்துக்கொண்டது, தம்பி? காரை எடுத்த கையோடு பெட்டி குப்பைக்குப் போய்விடும், அதனால்தான் இன்று காரைவிடப் பெட்டிக்கு மரியாதை.

வருட விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அடியில் இருக்கும் வருடம் அந்த வடிவத்துக்கு உரிமை பதிந்த வருடம். உங்கள் கையில் இருப்பது வார்க்கப்பட்ட வருடம் இல்லை. அந்த பஸ்ஸுக்கு ‘லண்டனர்’ என்று பெயர், மேட்ச்பாக்ஸ் வரிசையில் 17-ஆம் எண், 1972-இல் அறிமுகமாகிப் பல வருடம் ஓடியது. லெஸ்னி கம்பெனி 1982-இல் திவாலாகி, ஹாங்காங்கின் யுனிவர்சல் கைக்குப் போனது, உற்பத்தியும் ஆசியாவுக்கு நகர்ந்தது. ஆகவே லெஸ்னி பெயரும் இங்கிலாந்தும் சேர்ந்து இருக்கிறது என்றால் 72-க்கும் 82-க்கும் நடுவே ஏதோ ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் மாமா கணக்குக்கும் அது ஒத்துவருகிறது. ஹாட் வீல்ஸிலும் இதே கதைதான், நேற்று வந்த காரின் அடியில்கூடப் பழைய வருடம் இருக்கும்.

லெஸ்னி என்பது ஊர்ப் பெயரும் இல்லை, ஆள் பெயரும் இல்லை. லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்று இரண்டு நண்பர்கள், சொந்தக்காரர்கள் இல்லை, 1947-இல் லண்டனில் பழைய மதுக்கடைக் கட்டிடம் ஒன்றைப் பிடித்து ஆரம்பித்தார்கள், இரண்டு பெயரையும் வெட்டி ஒட்டிய பெயர் அது. பொம்மை செய்ய வேண்டும் என்று ஆரம்பிக்கவே இல்லை, கம்பெனிகளுக்கு உதிரிப் பாகம் வார்த்துக் கொடுக்கிற பட்டறை. ஜேக் ஓடெல் என்ற வார்ப்புக்காரர் வந்து சேர்ந்த பிறகுதான் பொம்மைப் பக்கம் திரும்பினார்கள். 1953-இல் எலிசபெத் ராணி முடிசூட்டிக்கொண்டபோது குதிரை வண்டியைச் சின்னதாக வார்த்து விற்றார்கள், 10 லட்சத்துக்கு மேல் போனது. ஓடெலின் மகள் படித்த பள்ளியில் தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மைதான் கொண்டுவரலாம் என்று விதி. அவர் ரோடு ரோலர் ஒன்றைப் பித்தளையில் குட்டியாகச் செய்து தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். மேட்ச்பாக்ஸ் வரிசைக்கு அதுதான் விதை.

இன்னொன்றைக் கவனித்திருப்பீர்கள். பஸ்ஸும் காரும் ஏறக்குறைய ஒரே நீளம். பெட்டி ஒரே அளவு, அதற்குள் எது அடங்க வேண்டுமோ அது சுருங்கிவிடும். சின்ன வயதில் எனக்கு இது ஒரு குறையாகவே தெரியவில்லை.

உங்கள் வேனைப் பற்றி இரவு எழுதுகிறேன். அது பெரிய கதை.

துத்தநாகம் (கோயம்புத்தூர்)

வணக்கங்க. நான் டை காஸ்டிங் யூனிட்டில் வேலை செய்கிறவன். பழைய கார்களை எல்லாரும் இரும்பு என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன், காந்தத்தை வைத்துப் பாருங்கள், உடம்பில் ஒட்டாது, அச்சுக் கம்பியில் மட்டும் ஒட்டும். உடம்பு ஜமாக். துத்தநாகம்தான் பெரும்பகுதி, 4 சதவீதம் போல அலுமினியம், கொஞ்சம் தாமிரம், துளி மக்னீசியம். 390 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். அலுமினியத்துக்கு 660 வேண்டும்.

குறைந்த சூட்டில் உருகுவதால் என்ன லாபம் என்றால், எஃகு டை, அதாவது வார்ப்பு அச்சு, சீக்கிரம் தேயாது. உருகிய உலோகத்துக்குள்ளேயே பிஸ்டன் இருக்கும், அழுத்தினால் நொடியில் டைக்குள் பாய்ந்து இறுகிவிடும், திறந்தால் கார் உடம்பு கையில். பிசிறு நீக்கி, பெயிண்ட் அடித்து, கண்ணாடி, சீட்டு, அச்சு எல்லாம் அடுக்கி, அடித்தகட்டை வைத்து ரிவெட்டை நசுக்கினால் முடிந்தது. கதவுக் கைப்பிடி, முன் கிரில்லின் கோடுகள் எல்லாம் அந்த அளவில் அவ்வளவு துல்லியமாக விழுவதற்கு இந்தக் கலவை தண்ணி மாதிரி ஓடுவதுதான் காரணம். நல்ல டை ஒன்று லட்சக்கணக்கில் அடிக்கும். கம்பெனி மூடினாலும் டை மூடாது. விலைக்குப் போய் வேறு ஊரில் வேலை செய்யும்.

பெயிண்ட் பற்றி என் கருத்து: அடிக்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை.

மூர்மார்க்கெட் (சென்னை)

துத்தநாகம் எடுத்துக் கொடுத்துவிட்டார். டை வேறு ஊரில் வேலை செய்யும் என்றார் அல்லவா, நிக்கி வேன் அதுதான்.

லிவர்பூலில் பின்ஸ் ரோடு என்று ஒரு தெரு. அங்கே ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ கம்பெனி. அவர்களுடைய பொம்மை ரயிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்க 1933-இல் குட்டி வண்டிகளை வார்த்தார்கள், மறு வருடம் அதற்கே டிங்கி டாய்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பெரிய ரகக் கார்களுக்கு 43-இல் ஒரு பங்கு என்ற விசித்திரமான அளவு இன்றும் நிற்கிறதே, அது அந்த ரயில் தண்டவாளக் கணக்கிலிருந்து வந்ததுதான். 60-களின் கடைசியில் டிங்கிக்குப் பயன்படாமல் போன பழைய டைகளில் சில கல்கத்தாவுக்கு வந்தன. அதில் வார்த்து விற்றதுதான் நிக்கி டாய்ஸ். பெயிண்ட் சுமார், கண்ணாடி சுமார், வடிவம் அசல் லிவர்பூல்.

இப்போது உங்கள் வேனைப் பாருங்கள். மூக்கு இல்லாமல் முன்பக்கம் தட்டையாக, பக்கத்தில் வரிசையாக ஜன்னல் இருந்தால், அது ஸ்டாண்டர்டு 20 மினி பஸ்ஸாக இருக்க வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தில் அதற்கு ஸ்டாண்டர்டு அட்லஸ் என்று பெயர், டிங்கி அதைத்தான் வார்த்தது. அந்த வேனை நம் ஊர் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஸ்டாண்டர்டு 20 என்று இங்கேயே செய்தது. வண்டலூர்ப் பக்கம் ஃபாக்டரி, ஹெரால்டு கார் வந்த அதே இடம். மெட்ராஸில் ஓடிய வண்டி, லிவர்பூல் டை, கல்கத்தா வார்ப்பு, கடைசியில் திருச்சிப் பரண். நீங்கள் இதற்கு ஸ்ப்ரே அடிக்கப் போகிறேன் என்கிறீர்கள். வயிற்றெரிச்சல்.

நான் பார்த்த நிக்கி, டிங்கி எல்லாம் மூர் மார்க்கெட்டில்தான். புதுசு வாங்க அப்பாவுக்கு வசதி இல்லை. பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவே பழைய பொம்மை, பழைய கடிகாரம், ஒற்றைச் செருப்புகூட விற்பார்கள். டயர் இல்லாத டிங்கியைப் பேரம் பேசி வாங்கி, சைக்கிள் வால்வு டியூபை வளையமாக நறுக்கிச் சக்கரத்தில் மாட்டுவேன். அச்சு அசலாக உட்கார்ந்துகொள்ளும். 1985 மே மாதம் மார்க்கெட் எரிந்தது. பர்மா பஜாரில் ஃபாரின் கார்கள் புதுசாகவே கிடைத்தன, ஆனால் அங்கே வேடிக்கை பார்க்கத்தான் போவோம்.

பரண்வாசி (திருச்சி)

ஐயா, தட்டை மூக்குதான்! பக்கத்தில் ஜன்னலும் இருக்கிறது! சித்தப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன், அவருக்கு எழுபது ஆகப்போகிறது, ‘அதை இன்னும் நீதான் வைத்திருக்கிறாயா’ என்று கோபப்பட்டார்.

நுங்குவண்டி (ராமநாதபுரம்)

எல்லாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த மாதிரி இழைகளைப் படிக்கும்போது ‘நம்முடைய பால்யம்’ என்று எழுதுகிறீர்களே, அது யாருடையது என்று கேட்கத் தோன்றுகிறது. பினாங்கில் மாமா இருந்தவர், மெட்ராஸில் வீடு இருந்தவர், கடைக்குக் கூட்டிப்போக அப்பா இருந்தவர், இவர்களுடையது. எங்கள் ஊரில் 80-களில் இரும்புக் கார் என்பது ரைஸ் மில்காரர் வீட்டு ஷோகேஸில் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பொருள்.

நாங்கள் செய்த வண்டி நுங்கு வண்டி. குடித்துப் போட்ட நுங்குக் காய் இரண்டு, நடுவே ஒரு குச்சி, கவட்டைக் கம்பை அதன்மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியது. வெயில் காலம் முடிந்தால் வண்டியும் முடிந்தது. மற்ற மாதங்களில் அறுந்த ஹவாய் செருப்பு. டம்ளரை வைத்து வட்டம் கீறி, பிளேடால் அறுத்தால் நீலமும் வெள்ளையுமாக நாலு சக்கரம் வரும். தீப்பெட்டி, பவுடர் டப்பா, எதற்கு வேண்டுமானாலும் மாட்டலாம். நீங்கள் சொல்கிற டிங்கியில் டயர்தான் முதலில் போகும் என்கிறீர்கள், எங்கள் வண்டியில் டயர் மட்டும்தான் நிற்கும்.

என்ன, இதில் எதுவும் பரணில் கிடைக்காது. எல்லாம் வாடிப்போகிற, மக்கிப்போகிற, ஆடு தின்றுவிடுகிற பொருள். அதனால்தான் யாரும் இதை ஏலத்தில் விடுவதில்லை, அடியில் என்ன வருடம் என்று கேட்பதும் இல்லை.

துத்தநாகம் (கோயம்புத்தூர்)

இதில் கோபிக்க ஒன்றும் இல்லைங்க, உண்மை. எங்கள் அம்மா பஞ்சாலையில் இருந்தார், என்னிடம் இருந்தது ஒரே ஒரு கார், அதுவும் அக்கம்பக்கத்தில் கொடுத்தது. ஆனால் மூர்மார்க்கெட் ஐயா டிங்கிக்கு வால்வு டியூப் மாட்டினதும் நீங்கள் பவுடர் டப்பாவுக்குச் செருப்புச் சக்கரம் மாட்டினதும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகிறது.

நுங்குவண்டி (ராமநாதபுரம்)

வேலை ஒன்றுதான். அவரிடம் டிங்கி இருந்தது, என்னிடம் பவுடர் டப்பா இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மீனா_அம்பாசிடர் (மதுரை)

நுங்குவண்டி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கார் வாங்கிக் கொடுக்க ஆள் இருந்த வீட்டிலும் எனக்குக் கொடுக்கவில்லை. அண்ணனுக்குக் கார், எனக்குச் சொப்புச் சாமான். சொப்பு பிடிக்காது என்று இல்லை, ஆனால் அவன் பள்ளிக்கூடம் போனதும் அவனுடைய டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து விளையாடிவிட்டு, அவன் வைத்த அதே வரிசையில் திருப்பி வைத்துவிடுவேன். இன்றுவரை அவனுக்குத் தெரியாது, இந்த இழையை அவன் படிக்காமல் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் காவி போட்ட வழவழத் தரை. தள்ளினால் சுவரில் முட்டித்தான் நிற்கும். ஆனால் எனக்குப் பிடித்த ரோடு வாசலில்தான் இருந்தது. அம்மா காலையில் போட்ட சிக்குக் கோலம். புள்ளியைச் சுற்றிச் சுற்றி ஒரே கோடாகப் போய் ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேரும், எங்கேயும் முட்டுச்சந்து கிடையாது. கோட்டின் மேலேயே காரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும், சக்கரம் கோட்டை விட்டு இறங்கினால் ஆக்சிடென்ட். காரின் அடியெல்லாம் கோலமாவு அப்பிக்கொள்ளும். அண்ணன் வருவதற்குள் பாவாடையில் துடைத்து வைக்க வேண்டும்.

அப்பா டாக்ஸி ஓட்டினார், அம்பாசிடர். அதனால் எனக்கு ஆசை முழுக்க ஒரு அம்பாசிடர் மேல். அண்ணனிடம் இருந்ததெல்லாம் தெருவில் பார்க்கவே முடியாத அமெரிக்கக் கார்கள், நெருப்புப் படம் போட்டது, பின்னால் இறக்கை வைத்தது. 2014-இல் உத்தர்பாரா ஃபாக்டரியில் அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்த வாரம் சென்டி டாய்ஸின் அம்பாசிடர் ஒன்று வாங்கினேன். பிளாஸ்டிக், பின்னால் இழுத்துவிட்டால் ஓடுகிற ரகம். வடிவம் குறை சொல்ல முடியாது. ஆனாலும் கையில் எடுத்தால் அந்தக் கனம் இல்லையே. நாம் ஏறிப்போன வண்டியை உலோகத்தில் வார்க்க யாருக்கும் தோன்றவில்லையா?

மூர்மார்க்கெட் (சென்னை)

தோன்றியிருக்கிறது, மீனா. கல்கத்தாவிலேயே மேக்ஸ்வெல், மில்டன் என்ற பெயர்களில் உலோகக் கார்கள் வந்தன, இன்று தேடிப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நிக்கி மாதிரி வெளிநாட்டு டைகளை நம்பியும், அதோடு சொந்தமாகவும். பிரச்சினை டை விலைதான். புது டை வெட்டப் பெரும் பணம் வேண்டும், அது லட்சக்கணக்கில் விற்றால்தான் எடுக்கும். இங்கே அந்த விலைக்குப் பொம்மை வாங்குகிற வீடுகள் அப்போது எத்தனை? பழைய டையை வாங்கினால் அந்தச் செலவு இல்லை. அதனால்தான் கல்கத்தாப் பிள்ளைகள் ஜாகுவார் ஓட்டினார்கள்.

பரண்வாசியின் மஞ்சள் ஹாட் வீல்ஸும் கிட்டத்தட்ட அதே கதை. ஹாட் வீல்ஸ் செய்கிற மேட்டல் கம்பெனி இங்கே கூட்டு வைத்து லியோ மேட்டல் என்று நடத்தியது. இந்தியாவில் அடித்த ஹாட் வீல்ஸ்களில் வேறு எந்த நாட்டிலும் வராத நிறங்கள் உண்டு, அமெரிக்காக்காரர்கள் அதற்காகவே வலைபோட்டுத் தேடுகிறார்கள்.

சுன்னாகம்சந்தி (ரொறன்ரோ)

மூர்மார்க்கெட் ஐயாவுக்கும் மற்ற உறவுகளுக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம். எனக்கும் ஒரு லண்டன் மாமா இருந்தார், நுங்குவண்டி அண்ணை மன்னிக்க வேண்டும்.

அவர் 80-களில் வந்தபோது தந்தது மேட்ச்பொக்ஸ் லாண்ட் ரோவர், தீயணைப்பு வண்டி, 57-ஆம் இலக்கம், மேலே வெள்ளை ஏணி. ஏணி முதல் கிழமையே போய்விட்டது. எங்களுக்கு இந்த வகைக் கார்களில் ஒரு பெரிய நன்மை இருந்தது. 90-க்குப் பிறகு பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, பற்றரி உள்ளே வரவே விடமாட்டார்கள். பற்றரியில் ஓடுகிற விளையாட்டுச் சாமான் வைத்திருந்த பெடியள் எல்லாம் அதை மூலையில் போட்டுவிட்டார்கள், றேடியோவுக்கே சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் செய்தி கேட்டோம். என்னுடைய லாண்ட் ரோவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. ரோட்டில் ஓடின நிஜக் கார்களின் பாடுதான் பாவம், ஒஸ்டின் கேம்பிரிஜ், மொறிஸ் மைனர் எல்லாம் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் இழுத்துக்கொண்டு, பின்னால் ஒரே புகை.

95 ஒக்டோபர் இடப்பெயர்வில் எல்லாரும் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்டபோது அந்தக் கார் வீட்டிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் போனபோது வீட்டில் ஒரு சாமானும் மிச்சமில்லை.

இங்கே ரொறன்ரோவில் ஒரு பழைய பொம்மைச் சந்தையில் அதே 57-ஆம் இலக்கத்தைக் கண்டேன். பெட்டியோடு, ஏணியோடு, ஒரு கீறல் இல்லாமல். வாங்கிவிட்டேன். இப்போது அலுமாரியில் நிற்கிறது. உண்மையைச் சொன்னால் அதைப் பார்க்க எனக்கு ஒன்றும் வரவில்லை. வடிவான சாமான், அவ்வளவுதான். என்னுடையது ஏணி இல்லாதது, முன் பக்கம் பெயின்ற் போய்ச் சாம்பல் நிறமாக இருந்தது. பரண்வாசி அண்ணை, அந்த பஸ்ஸுக்கு மட்டும் கை வைக்காதீர்கள்.

ட்ரெஷர்வேட்டை (சென்னை)

படித்துக்கொண்டே இருக்கிறேன், என் கதையெல்லாம் சப்பென்று இருக்கிறது. நான் 1998, எங்கள் தலைமுறைக்கு ஹாட் வீல்ஸ் சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் தொங்கியது. நூறு ரூபாய்க்குக் கீழே வாங்கியிருக்கிறோம்.

இப்போது அது வேறு உலகம். 1995-லிருந்து ஹாட் வீல்ஸில் ட்ரெஷர் ஹன்ட் என்று ஒரு சங்கதி உண்டு, சாதாரணக் கார்களோடு குறைந்த எண்ணிக்கையில் கலந்து விடுவார்கள். 2007-க்கு அப்புறம் அதிலேயே சூப்பர் என்று ஒன்று, ரப்பர் டயரும் மினுமினுப்பான பெயிண்டுமாக இருக்கும், விலை மற்றதன் விலைதான். இதைத் தேடிக் கடை திறக்கும் முன்னாலேயே வாசலில் நிற்கிறார்கள். பல கடைகளில் பெட்டி பிரிக்கும்போதே நல்லது காணாமல் போய்விடும், அப்புறம் அதே கார் ஆன்லைனில் பத்து மடங்கு விலைக்கு வரும். போன வாரம் ஒரு சின்னப் பையன் வெறும் கொக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் ஒரு ஆள், வயது ஐம்பது இருக்கும், கூடை நிறைய அள்ளிக்கொண்டு போகிறார். நாஸ்டால்ஜியாவாம்.

இறக்குமதி வரியும் ஒரு காரணம். 2020-இல் பொம்மைகளுக்கு 20-லிருந்து 60 சதவீதமாக ஏற்றினார்கள், 2023-இல் 70. 2021 ஜனவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம்.

மீனா_அம்பாசிடர் (மதுரை)

அந்த ஐம்பது வயதுக்காரர் நானாக இருக்க வாய்ப்பில்லை, ஆனால் கூடையில் அள்ளுகிற ஆசை எனக்குப் புரிகிறது. சின்ன வயதில் கிடைக்காததை இப்போது மொத்தமாக வாங்கிவிட முடியும் என்று ஒரு கணக்கு. கடைசிக் காரைப் பிள்ளை கையிலிருந்து எடுப்பது மட்டும் கேவலம்.

துத்தநாகம் (கோயம்புத்தூர்)

வாங்கிப் பெட்டியோடு சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஹாட் வீல்ஸ் 1968-இல் வந்தபோது அதன் பெருமையே ஓட்டம்தான். மெல்லிய அச்சு, உரசல் குறைவு, சரிவில் விட்டால் பறக்கும். அதுவரை மேட்ச்பாக்ஸில் தடித்த அச்சு, மெதுவாக உருளும். வியாபாரம் போய்விடும் என்று பயந்து மறு வருடமே சூப்பர்ஃபாஸ்ட் என்று சக்கரத்தையே மாற்றினார்கள், வரிசை முழுவதுக்கும். ஒரு கம்பெனி தன் எல்லா வண்டிக்கும் சக்கரம் மாற்றியது ஓடுவதற்காக. அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் நிறுத்தி வைக்கிறோம்.

சரி, பெயிண்ட் விஷயத்துக்கு வருகிறேன். பஸ்ஸையும் நிக்கியையும் தொடாதீர்கள், ஐயா சொன்னதுதான். ஹாட் வீல்ஸும் அப்படியே, அந்த இந்திய மஞ்சள் மறுபடி கிடைக்காது. பெயர் இல்லாத ஜீப் இருக்கிறதே, அதை அடியுங்கள். கை துறுதுறு என்றீர்கள் அல்லவா, அதற்கு அது போதும்.

மூர்மார்க்கெட் (சென்னை)

ஜீப்பையும் அடிக்க வேண்டாம் என்பேன் நான்.

பெயிண்ட் எங்கே போயிருக்கிறது என்று ஒரு தடவை உற்றுப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போயிருக்காது. கூரையின் விளிம்பு, முன் பம்பர், பின் மூலைகள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கிற இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். வலது கைக்காரப் பிள்ளைக்கு ஒரு பக்கம், இடது கைக்காரனுக்கு மறு பக்கம். பஸ் உங்களுடையது, வேன் சித்தப்பாவுடையது, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யார் எப்படி ஓட்டினீர்கள் என்று அதிலேயே தெரியும். உரித்து அடித்தால் பத்து நிமிஷத்தில் அது போய்விடும், அப்புறம் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ரொறன்ரோ தம்பி பெட்டியோடு வாங்கியதில் இல்லாதது அதுதான்.

நுங்குவண்டி (ராமநாதபுரம்)

இதை ஒப்புக்கொள்கிறேன். ரைஸ் மில்காரர் வீட்டு ஷோகேஸ் காரில் ஒரு கீறல் கிடையாது. அந்த வீட்டுப் பையனுக்கும் தொட அனுமதி இல்லை என்று பிற்பாடு தெரிந்தது.

பரண்வாசி (திருச்சி)

முடிவு செய்துவிட்டேன். பஸ், வேன், ஹாட் வீல்ஸ் மூன்றும் அப்படியே. ஜீப்பை மட்டும் பிரித்துப் பார்க்கப் போகிறேன், ஐயா மன்னிக்கவும். சித்தப்பா அடுத்த வாரம் வருகிறார், வேனை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைக்கிறேன், பேச்சில் அப்படித்தான் தெரிந்தது.

துத்தநாகம், ஜீப்பை எப்படித் திறப்பது? இன்னொன்று, வேனின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிகிறது, பயப்பட வேண்டுமா?

துத்தநாகம் (கோயம்புத்தூர்)

விரிசலை முதலில் சொல்கிறேன். கலவையில் ஈயமோ வெள்ளீயமோ கொஞ்சம் கலந்துவிட்டால் துத்தநாகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, விரிந்து, கடைசியில் விரலால் அழுத்தினால் பொடியாகிவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகளில் நிறைய அப்படித்தான் போயின. இதற்கு மருந்து கிடையாது. ஈரமும் சூடும் வேகப்படுத்தும், அதனால் இனி பரண் வேண்டாம், முக்கியமாகத் தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம். ஆனால் வலைப்பின்னல் போல விரிசலும் உப்பலும் இல்லாமல் ஒற்றைக் கோடு என்றால் கீழே போட்ட அடியாகத்தான் இருக்கும். படம் போடுங்கள், பார்க்கலாம். பிளாஸ்டிக் கவரில் இறுக்கிச் சுற்றாதீர்கள், வெள்ளைத் துணி அல்லது காகிதம், ஒன்றோடொன்று உரசாமல். பழைய வினைல் டயர் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு இருந்தால் நாளடைவில் இளகி அதைத் தின்றுவிடும்.

இப்போது ஜீப். அடித்தகட்டில் ரிவெட் தலை தெரியும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நடுவில் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி அடியுங்கள், இல்லையென்றால் பிட் வழுக்கும். முதலில் சின்ன பிட்டில் ஆரம்பித்து, 3 மி.மீ. வைத்துத் தலையை மட்டும் எடுக்க வேண்டும், ஆழமாகப் போகக் கூடாது. தலை போனால் தகடு தானாகக் கழன்று வரும். திரும்ப மூட அந்தத் தூணிலேயே மரை வெட்டிச் சின்ன ஸ்க்ரூ போடலாம். உரித்த உலோகத்தில் நேரே பெயிண்ட் அடித்தால் நிற்காது, எட்ச் பிரைமர் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், ரிமூவரில் ஊறப் போடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்கிற வயதில் வீட்டில் யாராவது இருந்தால் பழைய கார்கள் எதையும் கையில் கொடுக்க வேண்டாம்.

மீனா_அம்பாசிடர் (மதுரை)

என்ன நிறம் அடிக்கப் போகிறீர்கள்?

பரண்வாசி (திருச்சி)

பச்சை, மிலிட்டரி பச்சை. பையன் ஆரஞ்சு என்கிறான். ரிவெட்டைத் துளைத்த பிறகு படம் போடுகிறேன். ட்ரெஷர்வேட்டை தம்பி, சென்னையில் எட்ச் பிரைமர் சின்ன டப்பாவில் எங்கே கிடைக்கும்?

ட்ரெஷர்வேட்டை (சென்னை)

ஆட்டோமொபைல் பெயிண்ட் கடைகளில் கேளுங்கள் அண்ணா, புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம். சின்னதில் கிடைக்கவில்லை என்றால் ஒரு லிட்டர் வாங்கிப் பங்கு போடலாம், எனக்கும் வேண்டும்.